பொருள்: இன்ஜின் வார்னிங் லைட் – ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலை விவரம் எழுதும் சீட்டில்) எழுதிய பொய்யை நீக்கி, வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் குறை தீர்க்கும் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். நான் பெங்களூர் அல்சூரில் குடியிருக்கிறேன். உங்கள் கம்பெனியின் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன், வாரண்டி இன்னும் முடியவில்லை. உங்கள் கஸ்டமர் கேரில் தமிழுக்கென்று ஒரு எண் அழுத்தச் சொல்கிறீர்கள், அந்த நம்பிக்கையில் தமிழிலேயே எழுதுகிறேன். இங்கிலீஷில் அனுப்பிய மெயில்களுக்கெல்லாம் “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது” என்ற ஒரே பதில்தான் வந்தது. தயவு செய்து இதையாவது யாராவது முழுதாகப் படியுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வைத்து ஏர் ஃபில்டரை மாற்றினேன். உங்கள் ஓனர்ஸ் மேனுவலில் படம் போட்டுச் சொல்லியிருக்கிற வேலைதான் அது. ஃபில்டரும் உங்கள் ஒரிஜினல், பில் இருக்கிறது. பெட்டி மூடியை எடுக்க அதன்மேல் இருக்கும் சென்சார் கனெக்டரைக் கழற்றியாக வேண்டும். கழற்றினேன். திரும்ப மாட்டும்போது ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். கிளிப், ஹோஸ் கிளாம்ப் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். மறுநாள் காலை ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் போகும்போது மஞ்சள் நிற இன்ஜின் லைட் எரிந்தது.

உடனே உங்கள் எண்ணுக்குப் போன் செய்தேன். பேசிய பெண், பெட்ரோல் மூடியை இறுக்கச் சொன்னார். இறுக்கினேன். அப்புறம், “வண்டியை ஓட்டவே கூடாது, டோ செய்து (இழுவை வண்டியில் கட்டி) அனுப்புங்கள்” என்றார். லைட் நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா என்று அவர் கேட்கவே இல்லை. மின்னினால் மிஸ்ஃபயர் (இன்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இருக்கலாம், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும், உடனே நிறுத்த வேண்டும். நிலையாக எரிந்து, வண்டியும் சாதாரணமாக ஓடினால், சீக்கிரம் கொண்டுபோய்க் காட்டினால் போதும். எனக்குத் தெரிந்த இந்த விஷயம் உங்கள் ஆட்களுக்குத் தெரியாதா? நிலையாக எரிந்த லைட்டுக்காக டோ வண்டிக்குக் காசு கொடுத்தேன்.

என்னிடம் சின்ன ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் செருகினால், என்ன கோளாறு என்று சொல்லும் கோடு எண் போனில் வரும். வந்தது பி0113. உள்ளே வரும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சாரின் சர்க்யூட்டில் வோல்டேஜ் அதிகம் என்று அர்த்தம். காற்று வெப்பம் எவ்வளவு என்று பார்த்தேன். மைனஸ் 40 டிகிரி. பெங்களூரில், ஏப்ரல் மாத வெயிலில்! அந்தச் சென்சாரில் குளிர் கூடக் கூட ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) ஏறும். ஒயர் எங்காவது விட்டுப்போனால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்கு 5 வோல்ட் முழுதாகத் தெரியும், அது கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஆகவே மைனஸ் 40 என்றால் முதலில் கனெக்டரையும் ஒயரையும் பார்க்க வேண்டும். இந்தக் காரைச் செய்தவர்கள் நீங்கள், இதை உங்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்த ஸ்கிரீனைத்தான் ஓசூர் ரோட்டில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டர் அட்வைசரிடம் நீட்டினேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “யாரு சார் உங்களை பானட் திறக்கச் சொன்னது? யூடியூப் பார்த்துட்டுக் கை வைப்பீங்க, அப்புறம் எங்ககிட்ட வந்து நிப்பீங்க” என்றார், சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும். என் மனைவியும் கூட இருந்தாள். அதோடு விட்டாரா? எனக்குக் கன்னடம் புரியாது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், “ஈசியூ போயிடுச்சுன்னு சொல்லு, வாயை மூடிக்குவார்” என்றார். நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

அன்றைக்கு ஒரு புது சென்சார் போட்டு 6,800 ரூபாய் பில் கொடுத்தார்கள். வாரண்டியில் செய்யுங்கள் என்றதற்கு, “கஸ்டமரே கை வைத்ததால் வாரண்டி கிடையாது” என்று பதில். பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி, லைட் அணைந்ததைக் காட்டிச் சாவியைக் கொடுத்தார்கள். பேட்டரியைக் கழற்றினால் கோடு அழியும், லைட் வந்தபோது வண்டி எந்த நிலையில் இருந்தது என்ற பதிவும் அதோடு போய்விடும். என் பக்கத்து ஆதாரத்தையே அழித்துவிட்டு, சரி செய்துவிட்டோம் என்று சொல்வது எந்த நியாயம்? மறுநாளே லைட் திரும்ப எரிந்தது. அதே பி0113, அதே மைனஸ் 40.

இதற்குப் பிறகுதான் பொம்மசந்திராவில் உள்ள உங்கள் இன்னொரு சர்வீஸ் சென்டருக்கு அலைந்த அலைச்சல். அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. பெரிய ஸ்கேனர் அங்கேதான் இருக்கிறது, காலையில் கொண்டு வாருங்கள் என்று உங்கள் ஆட்களே நேரம் குறித்துக் கொடுத்தார்கள். லீவு போட்டுவிட்டு, சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து, மேம்பாலத்துக்கு டோல் கட்டிப் போய்ச் சேர்ந்தால், ஸ்கேனர் வேறு கிளைக்குப் போய்விட்டது என்றார்கள். ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? மத்தியானம் வரை உட்கார வைத்துவிட்டு, ஒயரிங் ஹார்னஸ் (ஒயர் கட்டு) முழுவதும் மாற்ற வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ஈசியூ என்று ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார்கள். வண்டியில் ஒரு ஸ்கேனரைக்கூடச் செருகாமல் எதைப் பார்த்து எழுதிய எஸ்டிமேட் அது?

வண்டி உங்களிடம் மாட்டிக்கொண்டிருந்த சமயத்தில் தருமபுரியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். சீர்வரிசையை எடுத்துக்கொண்டு விடியற்காலையில் டாக்சி தேடி அலைந்தேன். நாங்கள் கிருஷ்ணகிரியைத் தாண்டுவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது. தாய்மாமன் இல்லாமல் தாலி கட்டிய கல்யாணம் என்று சொந்தத்தில் இன்றுவரை பேசுகிறார்கள். என் குடும்பத்தில் எனக்கிருந்த மரியாதையே போய்விட்டது. இதற்கு 5 லட்சம் கேட்டாலும் குறைவுதான்.

கடைசியில் ஜே.சி. ரோட்டில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் சென்சாரைத் தொடவில்லை. கனெக்டரைக் கழற்றி, வெப்பநிலைக்கான இரண்டு பின்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். ஒயரிங் சரியாக இருந்தால் ஸ்கேனரில் வெப்பம் சட்டென்று உச்சத்துக்கு ஏற வேண்டும். ஏறவில்லை, மைனஸ் 40-லேயே நின்றது. கோளாறு கனெக்டர், ஒயர் பக்கம்தான் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. உள்ளே ஒரு பின் அதன் பூட்டில் சரியாக உட்காரவில்லை, மாட்டும்போதெல்லாம் நழுவி ஒதுங்கிவிடுகிறது என்று காட்டினார். வெளியே ‘டிக்’ சத்தம் வரும், உள்ளே பின் தொடாது. நெம்பி நேராக்கி உட்கார வைத்தார். போனில் 34 டிகிரி வந்தது. வாங்கியது 200 ரூபாய். அதற்கப்புறம் லைட் வரவே இல்லை.

ஒரு கனெக்டரைக் கழற்றி மாட்டினால் பின் நழுவுகிறது என்றால் அது தயாரிப்புக் குறை. உங்கள் மெக்கானிக்கே ஏர் ஃபில்டரை மாற்றியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். ஆனால் என் ஜாப் கார்டில் ‘கஸ்டமர் டாம்பரிங்’, அதாவது வண்டியை நானே நோண்டிக் கெடுத்தேன் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பணத்தைவிட அதுதான் பெரிய விஷயம். நாளைக்கு இன்ஜினில் வேறு எந்தக் கோளாறு வந்தாலும் இந்த இரண்டு வார்த்தையைக் காட்டியே கையை விரிப்பீர்கள். வண்டியை விற்கப் போனால் பாதி விலைக்குக்கூட எவரும் எடுக்க மாட்டார்கள்.

உங்கள் கம்பெனி மேல் மரியாதை இருப்பதால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். ஆனால் சட்டம் எனக்கும் தெரியும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்ட உத்தரவில், வெளியே வேலை பார்த்தார் என்பதற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, தவறான வெளி வேலையால் எது சேதமானதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். வெளி மெக்கானிக்குக்கே அப்படி என்றால், உங்கள் மேனுவலைப் பார்த்து ஃபில்டர் மாற்றிய எனக்கு எப்படி மறுக்கலாம்?

ஆகவே 6,800 ரூபாயையும் டோ கட்டணத்தையும் திருப்பித் தாருங்கள். கனெக்டரை வாரண்டியில் மாற்றிக் கொடுங்கள். ஜாப் கார்டில் உள்ள அந்த வரியை நீக்கி, நீக்கியதற்கு எழுத்தில் கடிதம் தாருங்கள். அந்த அட்வைசர் என் மனைவி முன்னால் பேசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அவரை வேலையை விட்டு எடுங்கள் என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. வக்கீல் வைக்காமல் நானே நின்று பேசுவேன். ஸ்கேனர் படங்கள், பில்கள், ஜாப் கார்டு நகல், எலெக்ட்ரீஷியன் கனெக்டரைத் திறந்து காட்டிய வீடியோ எல்லாவற்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போனில் பேசலாம் என்று கூப்பிட வேண்டாம். எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்,
அல்சூர், பெங்களூர்