‘எக்ஸ்’ எண்ணுக்குப் பின்னால் இருப்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூரியனில் வெடிப்பு என்றாலே செய்திகளில் அதன் வலிமையைச் சொல்ல ‘எக்ஸ் 8.7’ என்பது போல ஓர் எண்ணைப் போடுகிறார்கள். அப்புறம் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில், இரவில் கைத்தொலைபேசியை அணைத்து வையுங்கள் என்று தகவல் பறக்கிறது. 2024 மே மாதம் அந்த 8.7 வெடிப்பு உச்சத்தைத் தொட்டபோது மலேசியாவில் 15ஆம் தேதி, நள்ளிரவு தாண்டி மணி 12.51. சூரியன் பூமிக்கு மறுபக்கம் இருந்தது. அதன் எக்ஸ் கதிர் நம் வானத்துக்கே வரவில்லை. பகலில் வந்தாலும் தரையைத் தொடாது, மேல் வளிமண்டலமே விழுங்கிவிடும்.

கப்பலில் வானொலி அதிகாரியாக இருந்தவன் நான். மலாக்கா நீரிணையில் உச்சி வேளையில் சிற்றலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலி மங்கி அடங்கிவிடும். கருவியில் பழுது இருக்காது. சூரியனின் எக்ஸ் கதிர், மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டம் பெற்ற பகுதியான அயனி மண்டலத்தின் கீழடுக்கில் மின்னூட்டத்தைக் கூட்டிவிட, அந்த அடுக்கு நம் அலையை உறிஞ்சிவிடும்.

அந்தக் கதிர் எப்படிப் பிறக்கிறது என்பதுதான் சுவையான பகுதி. செய்திகளில் அதைக் காணவே முடிவதில்லை. சூரியனின் காந்தப் புலம் அறுந்து வேறு விதமாக இணையும்போது, எலக்ட்ரான்கள் பெரும் வேகம் பெற்றுக் காந்த வளைவுகள் வழியே கீழே பாய்கின்றன. அங்கே அடர்ந்த வாயுவில் மோதித் தடைபடும்போது வன் எக்ஸ் கதிர், அதாவது ஆற்றல் மிகுந்த எக்ஸ் கதிர், வருகிறது. ஆனால் அவற்றின் ஆற்றலில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான் இப்படிக் கதிராகிறது. மிச்சமெல்லாம் வாயுவைச் சூடாக்குகிறது. ஒரு கோடி டிகிரியைத் தாண்டிய அந்த வாயு மேலெழுந்து வளைவுகளை நிரப்பி, ஆற்றல் குறைந்த மென் எக்ஸ் கதிரை வீசுகிறது. நாம் படிக்கும் எண் இந்த மென் கதிரின் உச்ச அளவு மட்டுமே. ஓடி வந்த எலக்ட்ரான்களைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்வதில்லை.

கிளாஸ்கோ பல்கலைக்கழக வானியலாளர் ஜான் பிரவுன் 1971இல் வகுத்த மாதிரி, வன் கதிரிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, பாய்ந்த எலக்ட்ரான்கள் எவ்வளவு என்பதை எட்டுகிறது. இன்றும் அறிஞர்கள் அதைத்தான் கையாளுகிறார்கள். ஒரு சிக்கல் உண்டு. ஆற்றல் குறைந்த எலக்ட்ரான்களே எண்ணிக்கையில் மிக அதிகம். அவை தரும் கதிரோ சூடான வாயுவின் ஒளியில் மறைந்துபோகிறது. எந்த ஆற்றலிலிருந்து எண்ணத் தொடங்குவது என்பதைக் கொஞ்சம் மாற்றினாலே மொத்தக் கணக்கு பல மடங்கு மாறிவிடும்.

2023 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் சூரிய ஆய்வு விண்கலமான ஆதித்யா எல்-1இல் மென் கதிருக்கு சோலெக்ஸ், வன் கதிருக்கு ஹீலியோஸ் என்று இரண்டு கருவிகள் உள்ளன. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் இது.

அடுத்த வெடிப்புச் செய்தியில் மலேசிய நேரத்தையும், அப்போது நமக்குப் பகலா இரவா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். எலக்ட்ரான்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

ஓய்வுபெற்ற கப்பல் வானொலி அதிகாரி,
ஜெலுத்தோங், பினாங்கு