சக்கர நாற்காலிப் பாதைக்கு எந்தத் தளம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறக்கப்பட்ட 263 மீட்டர் நீள மரப்பாதையின் கடற்பக்க முனை, அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்தது. அதைக் காட்டி, கான்கிரீட்டிலேயே போட்டிருக்கலாமே என்று சொல்வோர் உண்டு. கடற்கரை மணலுக்கு மரமே பொருத்தம் என்பேன். பெயர்ந்த பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கான்கிரீட்டுக்கு அடியில் அலை மணலை அரித்துவிட்டால் தளமே பிளந்துவிடும். ஆனால் இடுக்கில் சக்கரம் சிக்காதபடி, பலகைகளைப் பாதைக்குக் குறுக்காகத்தான் பதிக்க வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத திருகாணிகளையே பயன்படுத்த வேண்டும்.

என் கவலையெல்லாம் பூங்காக்களிலும் தெருவோரங்களிலும் கேள்வியே இல்லாமல் பதிக்கப்படும் பேவர் பிளாக் என்ற கான்கிரீட் பதிகற்களைப் பற்றியது. சக்கர நாற்காலியின் பெரிய சக்கரங்கள் எதையும் சமாளித்துவிடும்; முன்னால் உள்ள சிறு சக்கரங்களுக்கோ அரை அங்குல இடைவெளிக்கு மேல் போனாலே ஆபத்துதான். அதில் சக்கரம் மாட்டி நின்ற கணத்தில் பின்னாலிருப்பவர் தள்ளினால், உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழுவார். பேவர் பிளாக் பதித்த அன்று சீராகவே இருக்கும். ஆனால் அடியில் ஜல்லி போட்டு இறுக்காமல், கல் உடைக்கும்போது கிடைக்கும் கிரஷர் பொடியைப் பரப்பிக் கல்லை அடுக்கிவிட்டு, ஓரத்தில் கற்களை நகரவிடாமல் பிடிக்கும் கட்டுக்கல்லும் வைக்காமல் போனால், வடகிழக்குப் பருவமழையில் பொடி அரித்துப்போய், ஒரு கல் ஏறியும் ஒரு கல் இறங்கியும் நிற்கும். விளிம்பு சரித்த கற்களாக இருந்தால், ஒவ்வொரு இணைப்பிலும் நாற்காலி அதிரும். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு அந்த அதிர்வே கால் தசைகளை இறுகச் செய்துவிடும்.

பளபளப்பான கிரானைட் இதைவிட மோசம். எங்கள் பகுதிப் பூங்காவின் வாசல் சரிவில் அதைத்தான் பதித்திருக்கிறார்கள். தூறல் விழுந்தால் பிரேக் போட்ட நாற்காலியும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. கல்தான் வேண்டுமென்றால், தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட் கிடைக்கிறதே!

பெரும்பாலான இடங்களுக்குச் சாதாரணக் கான்கிரீட்டே போதும். ஈரம் காய்வதற்குள் பாதைக்குக் குறுக்காகத் துடைப்பத்தால் இழுத்துவிட்டால் சக்கரத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். தண்ணீர் வடியப் பக்கவாட்டில் வாட்டம், அதாவது சிறு சரிவு, தேவைதான். அது ஐம்பதுக்கு ஒன்று (ஐம்பது அடி அகலத்துக்கு ஓர் அடி இறக்கம்) என்ற அளவைத் தாண்டினால் நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும், ஒரு கை மட்டும் ஓயாமல் தள்ள வேண்டியிருக்கும். ஏறும் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்பதை எல்லாப் பொறியாளர்களும் அறிவார்கள். இந்தப் பக்கவாட்டம்தான் வரைபடத்தில் கண்ணில் படாமல் போகிறது.

தளம் உறுதியாகவும் சமமாகவும் வழுக்காததாகவும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. எனவே உள்ளாட்சி அமைப்புகள் ஒப்பந்தப்புள்ளியில் 'பேவர் பிளாக் நடைபாதை' என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், அடித்தளத்தின் கனம், இணைப்பின் அகலம், வாட்டம் ஆகியவற்றையும் குறிப்பிட வேண்டும். ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையைத் திருப்பித் தருவதற்கு முன், ஒரு மழைக்காலம் கழித்து, சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவரை அப்பாதையில் சென்றுவரச் செய்து, அவர் சொல்வதையும் பதிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சென்னை.