முட்டைக்குள்ளும் பனிக்குடம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சிறுவர் பக்கத்தில், முட்டையிடும் விலங்குகளுக்கும் குட்டி போடும் விலங்குகளுக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைத் திருத்திப் போடுங்கள்.

நாங்கள் காங்கேயம் பக்கம் ஆடு, கோழி வளர்க்கிறவர்கள். ஆடு குட்டி போடும்போது முதலில் பளபளவென்று ஒரு நீர்ப்பை, அதாவது பனிக்குடம், எட்டிப் பார்க்கும், "தண்ணிக்குடம் வந்துருச்சு, துணி எடுத்துட்டு வா கண்ணு" என்பார் எங்கள் அம்மிச்சி. சரி, கோழிக்கு வருவோம். அடை வைத்த ஏழாம் நாள் முட்டையை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சிலந்தி கால் விரித்த மாதிரி சிவப்பு நரம்புகளும் நடுவில் கரும்புள்ளியும் தெரியும். அந்தக் குஞ்சும் ஆட்டுக்குட்டி மாதிரியே பனிக்குடத்து நீரில்தான் மிதக்கிறது!

ஊர்வன, பறவை, பாலூட்டி, நம்மையும் சேர்த்து எல்லோருக்கும் கருவைச் சுற்றி இந்தப் பனிக்குடச் சவ்வு உண்டு. முட்டைக்குள் இன்னொரு சவ்வு கழிவைச் சேர்த்து வைக்கும், ஓட்டின் நுண்துளை வழியாக மூச்சு வாங்கவும் உதவும். மீனுக்கும் தவளைக்கும் பனிக்குடம் கிடையாது. அதனால்தான் முட்டை காய்ந்துவிடாமல் இருக்க, மழை பெய்ததும் தவளை குட்டையைத் தேடிப் போகிறது, ஓணானோ காட்டு மண்ணில் குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறது. இந்த ஏற்பாடு தோன்றி 30 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கிடைத்த ஹைலோனோமஸ் என்கிற பல்லி போன்ற ஆதிகால ஊர்வனவின் புதைபடிவமே அவ்வளவு பழசு.

அடுத்த வாரம் முட்டையையும் ஆட்டின் கருப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் படமாகப் போடுங்கள், என் பேத்தி காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, காங்கேயம்