முதுகை வளைக்காதே, மா

பாப்பாவுக்கு,

ஜிம்மில் தரையிலிருந்து எடை தூக்குகிறாயே, நீ தம்பிக்கு அனுப்பிய அந்த வீடியோவை அவன் எனக்குக் காட்டினான். எனக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்கவில்லை, வேலை இருக்கும். 60 கிலோ என்று எழுதியிருந்தாய். மண்டி டீக்கடையில் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து மறுபடி பார்த்தால், முதுகு கூன் போட்டிருக்கிறது, மா.

சத்துவாச்சாரியில் பிள்ளைகளுக்கு எடை தூக்கச் சொல்லித்தரும் மாஸ்டரிடம் போனைக் கொடுத்தேன். கம்பி காலை விட்டுத் தள்ளி நிற்கிறது, இடுப்பு முதலில் எழும்பிவிடுகிறது, பாரமெல்லாம் குறுக்கில்தான் விழுகிறது என்றார். கம்பி பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே இருக்க வேண்டுமாம், காலை ஒட்டியே ஏற வேண்டுமாம். வயிறு நிறைய மூச்சை இழுத்து இறுக்கிக்கொண்டு, தரையைக் காலால் அழுத்து. முதுகை வளைக்காதே. ஓடுகிற ஷூவில் அடி மெத்தென்று இருக்கும், அதைக் கழற்றிவிடு. 2014இல் நம்ம சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில், ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குகிற ஸ்னாட்ச்சில் மட்டும் 149 கிலோ தூக்கித் தங்கம் வாங்கி வந்தாரே, அவர் ஊரிலேயே புதுப் பிள்ளைக்கு வெறும் கம்பைத்தான் முதலில் கையில் கொடுக்கிறார்கள். உனக்கு என்ன அவசரம்? பெண்களுக்கு 15 கிலோ கம்பி தனியாக உண்டு, இருக்கிறதா என்று கேள். அது சரியாக வந்த பிறகு இரண்டரை இரண்டரை கிலோவாக ஏற்று.

வீடியோவில் சுவர்க் கடிகாரம் பதினொன்றேகால் காட்டுகிறது. ராத்திரிதானே? பக்கத்தில் ஒருத்தரையும் காணோம், போனை எதிலோ சாய்த்து வைத்திருக்கிறாய். படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் தூக்குகிற பெஞ்ச் பிரஸ் மட்டும் ஆள் இல்லாமல் போடாதே. மீறிப் போட்டால் பிளேட் நழுவாமல் பிடிக்கிற கிளிப்பை மாட்டாதே, நெஞ்சில் சிக்கினால் ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டை இறக்கிவிடலாம். அன்றைக்குச் சாப்பிட்டாயா? போன் பண்ணி மூன்று வாரம் ஆகிறது, சும்மா சொன்னேன். முதுகை வளைக்காதே.

வெடுக்கென்று பிடுங்காதே என்றும் மாஸ்டர் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

என் குறுக்கு போனதற்குச் சித்தப்பா மூட்டை முனையை விட்டுவிட்டதுதான் காரணம் என்று நீங்கள் எல்லாரும் நம்புகிறீர்கள். நான்தான் அப்படிச் சொன்னேன். அவன் விடவில்லை, மா. அவன் இன்னும் பிடிக்கவே இல்லை. லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒற்றை ஆளாகத் தூக்கிக் காட்டலாம் என்று நான் குனிந்த வாக்கில் ஒரே பிடுங்காகப் பிடுங்கினேன். நூறு கிலோ மூட்டை. கீழே விழுந்ததும் வாயில் முதலில் வந்தது அவன் பெயர்தான். அவனும் மறுத்துப் பேசவில்லை. எட்டு மாதம் நான் படுத்துக் கிடந்தபோது வாசல் வரை வந்து திரும்பிப் போவான். அம்மாவின் சங்கிலி போனதற்கும் சேர்த்து அவனைத்தான் திட்டினோம். நீ அவனோடு பேசுவதையே விட்டாய், நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்ல இந்த வீடியோ வர வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகப் போகிறேன்.

அடுத்த தடவை எடையைக் குறைத்துத் தூக்கு. போனைச் சாய்த்து வைக்காமல் கூட யாரையாவது நிறுத்திப் பக்கவாட்டில் இருந்து எடுக்கச் சொல், முதுகு தெரிய வேண்டும். எனக்கே அனுப்பு.

அப்பா