கல்லீரல் தழும்பை அளக்கும் கருவிக்கு உங்கள் பங்கு

அன்புடையீர்,

கல்லீரல் வலித்துச் சொல்லும் உறுப்பு அல்ல. ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலோ, மதுவாலோ, படிந்த கொழுப்பாலோ வருடக்கணக்கில் புண்பட்டு, ஆறி, மறுபடி புண்பட்டு, உள்ளே தழும்பு ஏறிக்கொண்டே போகும். வயிற்றில் நீர் கோத்த பிறகோ, இரத்த வாந்தி எடுத்த பிறகோதான் பலர் முதன்முதலாக மருத்துவரிடம் வருகிறார்கள். எங்கள் குழுவில் பெரும்பாலோர் அப்படி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள்.

தழும்பின் அளவை அறிய முன்பெல்லாம் ஊசி குத்திச் சதைத் துணுக்கு எடுத்தே ஆக வேண்டும். அந்த பயாப்ஸி சிலருக்கு இன்றும் தேவைதான். ஆனால் துணுக்கு என்பது மொத்தக் கல்லீரலில் ஏறக்குறைய 50,000இல் ஒரு பங்கு. தழும்போ எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. வலியும் இரத்தக்கசிவு பயமும் வேறு. வருடா வருடம் ஒருவரை அதற்குப் படுக்கவைக்க முடியுமா?

நாங்கள் வாங்க நினைப்பது எலாஸ்டோகிராஃபி கருவி. ஃபைப்ரோஸ்கேன் என்றால் பலருக்குத் தெரியும். மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். விலா எலும்புகளின் இடுக்கில் ஜெல் தடவி, கருவியின் முனையை வைப்பார்கள். விரலால் சுண்டியது போல ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் அளக்கும். தழும்பால் திசு இறுகியிருந்தால் அதிர்வு வேகமாக ஓடும். 10 முறை தட்டி, நடு மதிப்பை கிலோபாஸ்கலில் (இறுக்கத்தை அளக்கும் அலகு) சொல்வார்கள். மூன்று மணி நேரம் சாப்பிடாமல் வந்தால் போதும்.

வேறு அறிகுறி இல்லாமல் 10க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு; 15ஐத் தாண்டினால் பலமாகச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் ஒற்றை எண்ணை வைத்து முடிவு கட்டக் கூடாது. கல்லீரல் அழற்சி கடுமையாக இருக்கும்போது அளவு ஏறிக் காட்டும். வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது.

எல்லோருக்கும் இந்தக் கருவி தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். முதலில் எஃப்ஐபி-4 கணக்கு, அதாவது இரத்தப் பரிசோதனை எண்களை வைத்துத் தழும்பு வாய்ப்பை மதிப்பிடும் கணக்கு. வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி (இரண்டும் இரத்தத்தில் அளக்கும் நொதிகள்), பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை, இந்த நான்கும் இருந்தால் சரி. கொழுப்புக் கல்லீரல் உள்ளவருக்கு 1.3க்குக் கீழே வந்தால் (65 வயதைக் கடந்தவருக்கு 2) பெரும்பாலும் கவலையில்லை. அதற்கு மேல் வருபவர்களுக்குத்தான் கருவி. அவர்களைத்தான் நாம் இப்போது கைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

கருவியோடு, பருமனானவர்களுக்கான பெரிய முனை, இயக்குபவருக்குப் பயிற்சி, முனையை அவ்வப்போது சரிபார்க்கும் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்தே திரட்டுகிறோம். சரிபார்க்கப் பணமில்லாமல் துணி போட்டு மூடிவைத்த கருவி யாருக்கும் வேண்டாம். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு. கணக்கை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

பணம் தர இயலாதவர்கள் பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். எஃப்ஐபி-4 கணக்கை உடனே போட்டுத் தருகிறோம்.

இப்படிக்கு,
கருவி நிதிக் குழுவினர்