விலங்கு நலத் தரவு அறிவியல் போட்டி: அணி சேர்க்கை

முன்னாள் மாணவர் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

விலங்கு நலம் குறித்த தரவு அறிவியல் போட்டியில் நம் குழுவின் சார்பில் ஓர் அணி பங்கேற்க இருப்பதால், அதற்கான முதல் இணையவழிக் கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்கு நடைபெறும்.

1. சேர விரும்புவோர், நிரல் எழுதுதல், புள்ளியியல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுள் தமக்குப் பழக்கமானதைக் குறிப்பிட்டு, வெள்ளிக்கிழமை இரவுக்குள் இங்கே பெயரைப் பதிவிட வேண்டும்.

2. பயிற்சிக்காக, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் (யுசிஐ) நடத்தும் இணையத் தரவுக் களஞ்சியத்தில் உள்ள குதிரை வயிற்றுவலித் (Horse Colic) தரவைப் பார்த்துவிட்டு வரவும். 300 பயிற்சிப் பதிவுகளும் 68 சோதனைப் பதிவுகளும் கொண்ட அதில் சுமார் 30 விழுக்காடு மதிப்புகள் விடுபட்டுள்ளன. ஒரு பரிசோதனை செய்யப்படாமல் விடப்பட்டதே குதிரையின் நிலையை உணர்த்தக்கூடும் என்பதால், அந்த வெற்றிடங்களைச் சராசரியைக் கொண்டு அவசரமாக நிரப்பிவிட வேண்டாம்.

3. அறுவை சிகிச்சைக்கோ பிரேதப் பரிசோதனைக்கோ பிறகே தெரியவரும் விவரங்களை, குதிரை பிழைக்குமா என்பது போன்ற முன்கணிப்பில் சேர்க்கக் கூடாது; கணிக்கும் நேரத்தில் அவை கையில் இருக்காது. நிரலாளர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுவே. ஆகவே, எந்த விவரம் எப்போது தெரியவரும் என்பதை அறிந்த கால்நடை மருத்துவர்களான நம் நண்பர்கள் அவசியம் வர வேண்டும்.

4. போட்டித் தரவை அணிக்கு வெளியே பகிர வேண்டாம்.

வர இயலாதோரும் ‘இயலாது’ என்று ஒரு சொல்லில் பதிலளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

– குழு ஒருங்கிணைப்பாளர்