பேதுரு புருஷங்களுக்கு எழுதின அந்த ஒரு வசனம்

அன்புள்ள தோழிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டேன்டி, சமையல் பண்ணிக்கிட்டே ஒரு தடவ, அப்பறம் உக்காந்து ஒரு தடவ. பையன் கல்யாணத்துக்கு கோயில்ல மொத ஓலை, அதான் மொத அறிவிப்பு, வாசிச்சாச்சுன்னு நீ சொன்னப்ப உன் குரல்ல இருந்த சந்தோஷம் இங்க மஞ்சக்குப்பம் வரைக்கும் கேட்டுச்சு. இவரும் பக்கத்துல இருந்து கேட்டுட்டு ஒரே சிரிப்பு, சில்வர் பீச்சுல டிரவுசரோட ஓடிக்கிட்டு இருந்த பையனுக்கா கல்யாணம்னு. போன்ல பேசினா நம்ம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுவோம், எதுவும் முடியாது, அதான் நிதானமா டைப் பண்றேன், நீளமா போனா ராத்திரி ஜெபமாலை முடிச்சிட்டுப் படி.

எங்க வீட்டு விஷயம் பெருசா ஒண்ணும் இல்ல. முட்டி வலி அப்படியே இருக்கு, பொண்ணு லீவுக்கு வரேன்னிருக்கா, ரிட்டயர் ஆனதுலேர்ந்து சர்ச்சுல பெண்கள் கூட்டத்துக்கு பைபிள் ஸ்டடி நான்தான் எடுக்கறேன். அதனால நீ கேட்ட கேள்வி சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கு.

நீ சொன்னத நான் புரிஞ்சிக்கிட்டது இதுதான். உங்க கத்தோலிக்கக் கல்யாணப் பூசைல ரெண்டாவது வாசகத்துக்கு உன் வீட்டுக்காரர் பவுல் எழுதின எபேசியர் 5 முழுசா வாசிக்கணும்ங்கறார், "மனைவிகளே கீழ்ப்படியுங்கள்"னு வர்ற பகுதியோட. கல்யாணப் பொண்ணு ஒண்ணும் சண்டை போடல, ஆனா அந்தப் பகுதிய விட்டுட்டு வாசிக்கறதுக்கு சபையே அனுமதிக்கற சின்ன வடிவம் ஒண்ணு இருக்காமே ஆன்ட்டி, அத எடுத்துக்கலாமான்னு உன்கிட்ட தனியா கேட்டிருக்கு. நடுவுல நீ. மொதல்ல ஒண்ணு சொல்றேன், அந்தப் பொண்ணு கேட்ட விதம் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு. சபை என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு வந்து கேட்டிருக்கு பாரு.

அதுவும் அவங்க சொல்தா குடும்பம், பிரெஞ்சு ராணுவத்துல வேலை பாத்த பாண்டிச்சேரிக்காரங்க, பிரெஞ்சு சட்டத்துல வளர்ந்த வீடு. ஸ்கூல்ல ஹிஸ்டரி எடுத்தப்ப நெப்போலியன் சட்டம் நடத்தியிருக்கேன், 1804-ல போட்ட அந்த சிவில் கோட்ல புருஷன் பொண்டாட்டிக்குப் பாதுகாப்பு கொடுக்கணும், பொண்டாட்டி புருஷனுக்குக் கீழ்ப்படியணும்னு சட்டமாவே எழுதி வச்சிருந்தாங்க, 1938-லதான் அந்தக் கீழ்ப்படியறத எடுத்தாங்க. அதுக்கு அப்பறமும் புருஷன் சம்மதம் இல்லாம ஒரு பொம்பளை தன் பேர்ல பேங்க் கணக்கு ஆரம்பிக்க 1965 வரைக்கும் காத்திருந்தாங்க. அந்தப் பொண்ணோட பாட்டிங்க வாழ்ந்த காலம்டி அது. அதனால "கீழ்ப்படி"ன்னு மைக்ல கேட்டா அந்த வீட்டுப் பொம்பளைங்களுக்கு பைபிளுக்கு முன்னாடி சட்டம்தான் ஞாபகம் வரும், அதுல தப்பே இல்ல.

ஆனா உன் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணு கேளு. முழுசா வாசிக்கணும்னா 21-வது வசனத்துலேர்ந்து வாசிக்கணும், "தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்"னு பவுல் எல்லாருக்கும் சேத்து சொல்லிட்டுதான் மனைவிகள்கிட்ட வர்றார், அப்பறம் புருஷன்கிட்ட வந்து கிறிஸ்து சபைக்காக உயிரைக் கொடுத்தாரே அந்த மாதிரி நேசின்னு சொல்றார். உங்க போப்பா இருந்த இரண்டாம் அருள் சின்னப்பரே (ஜான் பால்) 1988-ல பெண்களப் பத்தி எழுதின திருமடல்ல கல்யாணத்துல கீழ்ப்படிதல் ரெண்டு பக்கமும்தான்னு தெளிவா எழுதியிருக்கார். இத அவருக்குக் காட்டு, நான் சொன்னா லுத்தரன் சபைக்காரி சொல்றான்னு தள்ளிடுவாரு.

சரி, என் மனசுல இருக்கறது எபேசியர் இல்ல. உங்க கல்யாண வாசகங்கள் லிஸ்ட்லயே 1 பேதுரு 3-ம் அதிகாரம் இருக்கு, 1லேர்ந்து 9 வரைக்கும். அத எடுத்துக்கோங்கன்னு சொல்லத்தான் இவ்ளோ நேரம் சுத்தி வர்றேன். அதுல 7-வது வசனம் புருஷங்களுக்கு. எங்க பழைய பைபிள்ல இருக்கற மாதிரியே எழுதறேன்:

"அந்தப்படி புருஷர்களே, மனைவியானவள் பெலவீன பாண்டமாயிருக்கிறபடியினால், உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு, நீங்கள் விவேகத்தோடு அவர்களுடனே வாழ்ந்து, உங்களுடனேகூட அவர்களும் நித்தியஜீவனாகிய கிருபையைச் சுதந்தரித்துக்கொள்ளுகிறவர்களானபடியினால், அவர்களுக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள்."

நடுவுல இருக்கற "ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு"ங்கறத நல்லா பாரு. பொண்டாட்டிய மதிக்காதவனோட ஜெபம் தடைபடும். நம்ம சபைங்கள்ல வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துல முன் வரிசைல முட்டி போட்டு அழற ஆம்பளைங்க எத்தன பேரு இருக்காங்க, ஜெபம் கேக்கப்படலியே கேக்கப்படலியேன்னு பாஸ்டர்கிட்ட கேக்கறவங்க எத்தன பேரு, பாவத்த அறிக்கை பண்ணு தசமபாகம் ஒழுங்கா கொடு விசுவாசத்துல குறை இருக்கான்னு பாரு அப்படின்னு எல்லாம் சொல்லுவாங்க, வீட்டுல பொண்டாட்டிகிட்ட எப்படிப் பேசறேன்னு எந்தப் பாஸ்டராவது அந்த ஆள்கிட்ட கேட்டு நான் பாத்ததில்ல. ஆனா பேதுரு அதத்தான் கேக்கறார். அதே அதிகாரத்துல 1லேர்ந்து 6 வரைக்கும் மனைவிகளுக்கு இருக்கறத எத்தன அன்னையர் தினத்துல, எத்தன கல்யாணத்துல கேட்டிருக்கோம், முடி பின்றது நகை போடறது வரைக்கும் பிரசங்கம் பண்ணுவாங்க, ஏழாவது வசனம் வந்ததும் மணி அடிச்சிடும்.

பழைய ஏற்பாட்டுல மல்கியா தீர்க்கதரிசியும் இதையேதான் சொல்றார், ரெண்டாம் அதிகாரத்துல. பலிபீடத்த கண்ணீரால நனைக்கறாங்க, ஆனா கர்த்தர் காணிக்கைய ஏத்துக்கல, ஏன்னு கேட்டா நீ உன் இளவயசு மனைவிக்குத் துரோகம் பண்ணினேங்கறார், அவள் "உன் தோழியும் உன் உடன்படிக்கையின் மனைவியும்"னு. தோழின்னு பைபிள்ல இருக்குடி. பையன்கிட்ட இத நீயே சொல்லு.

இப்ப அந்தப் பொண்ணு பக்கம். பேதுரு வாசகம் ஆரம்பிக்கறதும் "மனைவிகளே கீழ்ப்படிந்து"ன்னுதான், அத மறைக்க வேணாம், திடீர்னு கோயில்ல கேட்டு முகம் வாடறதுக்கு முன்னாடியே உக்கார வச்சுப் பேசு. அந்தக் கடிதம் பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியான்னு இன்னிக்கி துருக்கில இருக்கற ஊர்களுக்குப் போனது. அங்க புருஷனோட சாமிதான் வீட்டுச் சாமி. கிட்டத்தட்ட அதே காலத்துல வாழ்ந்த கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் கல்யாணப் பொண்ணுக்கு சொல்ற அட்வைஸே, புருஷன் நம்பற தெய்வங்களத் தவிர வேற எதையும் நீ கும்பிடாதங்கறதுதான். அப்படி ஒரு ஊர்ல புருஷன் நம்பாம இருக்க, பொண்டாட்டி மட்டும் கிறிஸ்துவ ஏத்துக்கிட்டா, அந்த ஒரு விஷயத்துல அவ ஏற்கனவே புருஷன் பேச்ச மீறினவதான். பேதுரு அவள அந்த விசுவாசத்த விட்டுடுன்னு சொல்லல. விட்டுடாத, சண்டை போடாம உன் நடக்கையால அவன ஜெயிச்சுக்கோங்கறார். அதனால அங்க சொல்ற கீழ்ப்படிதலுக்கு ஒரு எல்லை இருக்கு, ஆண்டவர் விஷயத்துல அவ யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்ல.

சாராள் ஆபிரகாம ஆண்டவன்னு கூப்பிட்டாள்னு 6-வது வசனத்துல வரும், அதையும் எல்லாரும் சொல்லுவாங்க. ஆதியாகமம் 21-ல தேவன் ஆபிரகாம்கிட்ட "சாராள் உனக்குச் சொல்வதெல்லாவற்றையும் கேள்"னு சொன்னத சொல்ல மாட்டாங்க. (அது ஆகாரையும் பிள்ளையையும் வெளிய அனுப்பற இடம், எனக்கு இன்னிக்கும் அத வாசிச்சா மனசு தாங்கல, அது வேற பேச்சு.)

"சுதந்தரம்"ங்கற விஷயத்துக்கு வர்றேன், பைபிள் தமிழ்ல அதுக்கு வாரிசுப் பங்குன்னு அர்த்தம், அங்கதான் என் மனசு நிக்குது. அன்னிக்கி ரோமாபுரி சட்டப்படி பெரும்பாலான கல்யாணங்கள்ல புருஷன் உயில் எழுதாம செத்தா பொண்டாட்டி வாரிசு வரிசைல கடைசி, பிள்ளைங்க, புருஷனோட சொந்தக்காரங்க எல்லாரும் தாண்டி யாருமே இல்லன்னாதான் அவளுக்கு. அந்த உலகத்துல உக்காந்து பேதுரு ஆம்பளைங்ககிட்ட, நித்திய ஜீவனுக்கு அவளும் உன்கூட வாரிசு, உன் மூலமா இல்ல, உன்கூட, அப்படின்னு எழுதறார். எழுதின ஆளும் கல்யாணம் ஆனவர்தான், அவர் மாமியார் ஜுரத்தோட படுத்திருந்தப்ப இயேசு கைய பிடிச்சுத் தூக்கிவிட்டது மாற்குல இருக்கு, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டே ஊழியத்துக்குப் போனார்னு பவுல் கொரிந்தியர்ல சொல்றார்.

ரோமாபுரிய விடு, நெல்லிக்குப்பம் பக்கம் இருக்கற எங்க சின்னம்மாவப் பத்தி உனக்கு சொல்லலியே. சித்தப்பா போன வருஷம் தவறிட்டார், சபைல மூப்பரா இருந்தவர், உயில் எழுதல. பசங்க ரெண்டு பேரும் சின்னம்மாவ ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி என் பங்கு எனக்கு வேணாம்னு எழுதிக் கொடுக்கற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கப் பாத்தாங்க, உங்களுக்கு எதுக்கும்மா சொத்து, நாங்க பாத்துக்க மாட்டோமான்னு. நம்ம கிறிஸ்தவங்களுக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதுல உயில் இல்லன்னா விதவைக்கு மூணுல ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைங்களுக்கு, ஆணுக்கும் பொண்ணுக்கும் சமம். சின்னம்மாவுக்கு இது தெரியவே தெரியாது. எந்த பேங்க்ல கணக்கு, எந்த சர்வே நம்பர்ல நிலம், எதுவும் தெரியாது, ஏன்னா சித்தப்பா ஒரு நாளும் சொன்னதில்ல. ரெண்டு பேரும் தினம் சாயங்காலம் ஒண்ணா உக்காந்து குடும்ப ஜெபம் பண்ணின வீடு அது. பரலோகத்துல சரிபாதி, வீட்டு பீரோ சாவில இல்லன்னா அது என்ன சுதந்தரம்? "விவேகத்தோடு வாழ்ந்து"ங்கறதுக்குள்ள இதெல்லாம் அடங்கும்னு நான் உறுதியா நம்பறேன், சம்பளம் எவ்ளோ கடன் எவ்ளோன்னு அவகிட்ட சொல்றது, எனக்கு ஏதாவது ஆனா இத இப்படிப் பண்ணுன்னு எழுதி வைக்கறது. சின்னம்மா கையெழுத்துப் போடல, நான் போயி தடுத்துட்டேன். பசங்க என்கூட இப்ப பேசறதில்ல, பரவால்ல.

நியாயாதிபதிகள் 13-ல மனோவாவோட பொண்டாட்டிய ஞாபகம் இருக்கா? பேரு கூட எழுதல. சிம்சோன் பொறக்கப் போறத சொல்ல தூதன் மொதல்ல அவகிட்டதான் வர்றார். மனோவா மறுபடியும் அனுப்பும்னு ஜெபம் பண்றார், அப்பவும் தூதன் வயல்ல இருக்கற அவகிட்டயே வர்றார், அவ ஓடிப்போயி புருஷனக் கூட்டிட்டு வர்றா. கடைசில மனோவா பயந்துபோயி தேவனப் பாத்துட்டோம், சாகத்தான் போறோம்னு சொன்னதும், நம்மளக் கொல்றதா இருந்தா நம்ம கையில பலிய ஏத்துக்கிட்டிருப்பாரா, இதெல்லாம் காட்டியிருப்பாரான்னு கேட்டு அவர நிதானத்துக்குக் கொண்டு வர்றது அவதான். ஆண்டவர் பேசறத ரெண்டு பேர்ல யாருக்கு மொதல்ல புரியுதோ அவங்க இன்னொருத்தரக் கூட்டிட்டு வரணும், கூப்பிட்டா மத்தவங்க வரணும். மனோவா எழுந்து அவ பின்னாடியே போனார்னுதான் இருக்கு.

எங்க வீட்டுலயும் ரொம்ப காலம் ஜெபம்னா இவர் பண்ணுவார், நான் ஆமென் சொல்லுவேன், எல்லா வீட்டு வழக்கம்தான. 2011 டிசம்பர் 30 விடிகாலைல தானே புயல் கரை ஏறுச்சே, உங்க பக்கமும்தான் அடிச்சுச்சு, கடலூர்ல மரம் ஒண்ணு பாக்கி இல்லாம சாஞ்சு நாள்கணக்கா கரெண்ட் இல்லாம கிடந்தோம். ஒரு ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்துல இவர் பைபிளத் தொறந்தவரு வாசிக்க முடியாம நிறுத்திட்டு, என்னால முடியல, நீ ஜெபம் பண்ணுன்னார். நான் பண்ணினேன். எனக்கு அன்னிக்கி என்ன சொன்னேன்னு ஞாபகம் இல்ல, இவர் அழுதது ஞாபகம் இருக்கு. அதுலேர்ந்து ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். இதுக்காக யாரும் எங்களுக்கு கிளாஸ் எடுக்கல, ஆனா இந்த வசனத்த நான் புரிஞ்சிக்கிட்டது அந்தப் பழக்கத்துல வாழ்ந்துதான்.

உங்க சபைல எனக்கு ரொம்ப பிடிச்சது ஒண்ணு இருக்கு. கல்யாணத் திருவருட்சாதனத்த ஃபாதர் கொடுக்கறதில்ல, மாப்பிள்ளையும் பொண்ணும் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கறாங்க, ஃபாதர் சபை பேர்ல சாட்சின்னு நீதான் ஹாஸ்டல்ல எனக்கு சொல்லிக் கொடுத்த. அத உன் பையனுக்கும் சொன்னியா? அன்னிக்கி பீடத்துக்கு முன்னாடி அவன் வாழ்க்கைலயே பெரிய கிருபைய அந்தப் பொண்ணு கையிலேர்ந்து வாங்கறான். அது தெரிஞ்சவன் வீட்டுக்கு வந்து தண்ணி கொண்டான்னு அதட்டுவானா?

அதனால இப்படிப் பண்ணுங்க. பேதுரு வாசகத்த முழுசா வைங்க, ஏழாவது வசனத்து மேலதான் பிரசங்கம் வேணும்னு ஃபாதர்கிட்ட முன்னாடியே போயி கேளுங்க, அதுவும் உன் வீட்டுக்காரரே போயி கேட்டா நல்லா இருக்கும். விசுவாசிகள் மன்றாட்டுல ஒண்ண அந்தப் பொண்ணோட அம்மாவையும் ஒண்ண உன்னையும் வாசிக்கச் சொல்லுங்க. வரதட்சணை பேச்சு எதுவும் இல்லன்னு நீ சொன்னது எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா, சீர்ங்கற பேர்லயும் யாரும் எதுவும் கேக்காம பாத்துக்கோ, சொந்தக்காரங்க கடைசி வாரத்துலதான் ஆரம்பிப்பாங்க.

செவ்வாய்க்கிழமை சின்னம்மாவ வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போறேன், வாரிசு சர்டிபிகேட் விஷயமா. அவங்களுக்காக ரெண்டு பேரும் ஜெபம் பண்ணுங்க, பசங்களுக்காகவும். உன் வீட்டுக்காரர் இத வாசிச்சிட்டு என்ன சொன்னாருன்னு மறக்காம எழுது, கோவப்பட்டாலும் எழுது.

அன்புடன்,
உன் கடலூர்க்காரி